ஆறு கம்பிக்கும் பாரிற்றோனுக்கும் நடுவில் சைலன்சர் அண்ணை

உலகத்தில் முடிவெடுக்கத் தெரியாத எல்லாரையும் ஒரு வரிசையில் நிறுத்தினால், சைலன்சர் அண்ணை அந்த வரிசையில் இருக்கமாட்டார். முன்னுக்கு நிற்பதா பின்னுக்கு நிற்பதா என்று யோசித்தபடி வெளியே நின்றுகொண்டிருப்பார். நான் கூட்டிச் சொல்லவில்லை. கோப்பிக் கடையில் அவரோடு நின்றவள் நான். பெரிய கோப்பையா நடுத்தரக் கோப்பையா என்று யோசிப்பதற்காகப் பின்னால் வந்த ஒன்பது பேரை முன்னே விட்டார். ஒன்பதாவது ஆள் குடித்து முடித்து, வெறும் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு எங்களைக் கடந்து வெளியே போனார். அதன் பிறகு அண்ணை தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதினால் ஸ்காபுறோவில் ஒருவருக்கும் ஆள் யாரென்று விளங்காது. கார்ப் புகைக்குழாய் திருத்துவது அவர் தொழில். கனடாவில் அந்தச் சாமானை மப்ளர் என்கிறார்கள். அவர் ஊரில் பழகிய சைலன்சர் என்ற சொல்லை விடவில்லை. கராஜ் வாசலில் நின்றபடியே, வீதியில் வருகிற காரின் சத்தத்தைக் கேட்டு ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோசனை கிடையாது.

பதினைந்து வருடமாக நானும் அவரும் ஒரே இசைக்குழு. கலியாணம், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். நான் கீபோர்ட். மன்னாரில் மாதா கோயில் ஓர்கனில் கை பழகியவள். வாரநாளில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். ஐம்பது பிள்ளைகளை ஒரே ஒரு சத்தத்தில் இருக்கையில் இருத்துகிறவள். எனக்குப் பொறுமை இல்லை என்று எல்லாரும் சொல்லுவார்கள். உண்மைதான். ரஞ்சன் பாட்டுக்காரர், குழுவின் தலைவரும் அவர்தான். குகன் கிற்றார். சைலன்சர் அண்ணை பேஸ் கிற்றார்.

ட்ரம்ஸ் வாசித்தவர் முதுகு நோவென்று நின்றுவிட்ட போது, ரஞ்சன் ஒரு லப்ரொப் கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ட்ரம்ஸ் முழுவதும் அதற்குள் இருந்தது. அது நேரத்துக்கு வந்தது, கொத்துரொட்டி கேட்கவில்லை, வான் வண்டியில் முன் இருக்கைக்குச் சண்டை பிடிக்கவில்லை. அன்றையிலிருந்து ரஞ்சன் எங்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வசந்தகாலம், குகன் விட்பியில் வீடு வாங்கினார். புது வீடு, கராஜில் இரண்டு கார் நிறுத்தலாம், சுற்றிவர ஒரு மரம் கிடையாது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகைக்கு வர ஏலாது என்றார். விட்பி என்ன வடதுருவத்திலா இருக்கிறது என்று கேட்டேன். குகன் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

ரஞ்சன் தாடையைத் தடவிக்கொண்டு லப்ரொப்பைப் பார்த்தார். கிற்றாரையும் இதற்குள் போடலாம் என்றார். அப்படியே பேஸையும் போட்டுவிட்டால் வானில் இடம் மிச்சம் என்றார். சைலன்சர் அண்ணை பக்கத்தில்தான் நின்றார். அவர் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். கிழமையில் ஆறு நாள் காருக்குக் கீழே படுத்திருக்கிற மனிதர் அவர். ஏழாம் நாள் அந்தப் பேஸைத் தோளில் மாட்டும்போதுதான் நிமிர்ந்து நிற்பார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

"ஒரு ஆளே இரண்டு வேலையும் செய்தால்?" என்று அண்ணை கேட்டார்.

"என்னண்டு செய்யிறது?"

"அதுக்கு வாத்தியம் கிடக்கு."

ரஞ்சன் ஆறு வாரம் தவணை கொடுத்தார். ஜூனில் றிச்மண்ட் ஹில்லில் ஒரு பெரிய கலியாணம். அதற்குள் பேஸுக்கும் கிற்றாருக்கும் சேர்த்து ஒரே வாத்தியமாக அண்ணை முடிவெடுத்து வாசித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் அண்ணை வீட்டில், லப்ரொப் மேடையில். முடிவெடுக்கத் தெரியாத மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

அடுத்த ஞாயிறு அண்ணை இரண்டு பெட்டிகளோடு நின்றார். ஒன்று ஆறு கம்பிப் பேஸ். கடைக்காரன் கொஞ்ச நாள் வாசித்துப் பார்த்துத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தது. சாதாரண பேஸுக்கு நாலு கம்பி. இதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று கூட. கீழ்க் கம்பி இடி மாதிரி முழங்கும், மேல் கம்பிகளில் கிற்றார் போலப் பல சுரத்தைச் சேர்த்துக் கோட்ஸும் பிடிக்கலாம். ஆனால் கழுத்து, ரொட்டி தட்டுகிற மாப்பலகை அகலம். மற்றது பாரிற்றோன் கிற்றார். அவருடைய வாடிக்கையாளர், ஒரு வெள்ளைக்காரத் தச்சர், இரவலாகக் கொடுத்தது. பார்த்தால் கிற்றார்தான், கழுத்துக் கொஞ்சம் நீளம், கம்பி கொஞ்சம் தடிப்பு, குரல் ஆம்பிளைக் குரல். ஆனால் பேஸ் இறங்குகிற ஆழத்துக்கு அது இறங்காது. சுருக்கமாகச் சொன்னால், முதலாவது கிற்றார் வேலையும் கொஞ்சம் பார்க்கக்கூடிய பேஸ். இரண்டாவது பேஸ் வேலையும் கொஞ்சம் பார்க்கக்கூடிய கிற்றார். புத்தியுள்ள ஆள் சனிக்கிழமை இரண்டையும் வாசித்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அண்ணை வாக்கெடுப்பு நடத்தினார்.

கராஜில் திருத்தச் செலவை எஸ்ரிமேற் எழுதிக்கொடுக்கிற புத்தகத்தில் நடுவே ஒரு கோடு கீறி, இந்தப் பக்கம் ஆறு கம்பி, அந்தப் பக்கம் பாரிற்றோன் என்று எழுதிக்கொண்டார். கார் திருத்த வந்தவர்கள் எல்லாரும் வாக்காளர்கள். காரை மேலே தூக்கிவைத்துவிட்டு, கீழே நின்று ஒரே பாட்டை இரண்டு வாத்தியத்திலும் வாசித்துக் காட்டுவார். கார் மேலே நிற்கிறபடியால் ஒருவரும் தப்ப முடியாது. ஒரு பல் வைத்தியர் இரண்டு பக்கமும் அரை அரை வாக்குப் போட்டார். எங்கள் பங்குச் சுவாமியார் தன்னுடைய பழைய காரைக் கொண்டுவந்தவர், ஆண்டவர் வழி காட்டுவார் என்று சொல்லித் தப்பப் பார்த்தார். ஆண்டவருக்கு எது விருப்பம் என்று அண்ணை திருப்பிக் கேட்டார். சுவாமியார் இப்போது வேறு கராஜுக்குப் போகிறார்.

வாக்குகள் சமமாக வந்ததால் அண்ணை விஞ்ஞானத்துக்கு இறங்கினார். ஒத்திகைக்கு என்று பவளக்கா செய்து அனுப்பிய மட்டன் ரோல்ஸ் தட்டை ஸ்பீக்கருக்கு மேலே வைத்தார். பவளக்கா அவருடைய மனைவி. ஆறு கம்பியை அடித்தபோது ரோல்ஸ் வரிசையாக நகர்ந்து, ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. பாரிற்றோனுக்கு கெச்சப் மட்டும் இலேசாக நடுங்கியது. அண்ணை குனிந்து நின்று அளந்து எழுதினார். நான் பசியோடு நின்றேன். ஞாயிற்றுப் பூசையிலிருந்து நேரே வந்தவளுக்கு முன்னால் ரோல்ஸை நிலத்தில் போட்டு ஆராய்ச்சி செய்கிறவரை என்ன செய்யலாம் என்று வாசகர்களே சொல்லுங்கள்.

அந்த வாரம் ஒரு ஐம்பதாவது பிறந்தநாள் விழா. அங்கேயும் அண்ணை முன்வரிசையில் இருந்த ஒரு அங்கிளிடம் போய், இரண்டையும் வாசித்துக் காட்டி, எது நல்லது என்று கேட்டார். அங்கிள் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து மேசையைக் காட்டினார்.

"தம்பி, உந்தப் பெட்டி நல்லா வாசிக்குது."

அவர் காட்டியது லப்ரொப்பை. ரஞ்சன் சிரித்தார். அண்ணை அந்த வாக்கையும் நேர்மையாகப் புத்தகத்தில் எழுதினார். அதற்கென்று மூன்றாவதாக ஒரு கோடு கீறவேண்டியிருந்தது.

நான்காவது வாரம்தான் அன்னப்பறவை வந்தது.

ஒரு சாமத்திய வீடு. பிள்ளையை மேடைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு வெள்ளை அன்னப்பறவை செய்திருந்தார்கள். கார் அளவு. அடியில் சில்லுப் பூட்டியது. பிள்ளை உள்ளே இருக்க, நாலு தாய்மாமன்மார் வேட்டியோடு இழுத்துவரவேண்டும். முன்னால் புகை மெசின். எங்கள் பாட்டு நின்றால் அன்னமும் நிற்கவேண்டும் என்று மாமன்மாருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள், ஏனென்றால் வீடியோவுக்கு எல்லாம் தாளத்தோடு போகவேண்டுமாம். பாட்டு இல்லாமல் ஒரு அடி வைக்கக்கூடாது என்று வீடியோக்காரருடைய கட்டளை. எங்கள் சனம் வேறு எந்தக் கட்டளையையும் கேட்காது, வீடியோக்காரர் சொன்னால் கேட்கும்.

பல்லவியை அண்ணை ஆறு கம்பியில் வாசித்தார். அன்னம் அசைந்து வந்தது. சரணத்துக்குப் பாரிற்றோன் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை அவருக்கு அந்த இடத்திலே வந்தது. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டப்போனவர், இரண்டு வயரையும் காலில் சுற்றிக்கொண்டார். இழுத்த இழுப்பில் லப்ரொப்பின் வயர் கழன்றது, என் கீபோர்டும் செத்தது, ரஞ்சனுடைய மைக்கும் போனது. மண்டபம் அமைதி. மாமன்மார் நாலு பேரும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். பாட்டோடு நிற்காத ஒரே சாமான் புகை மெசின். அது பாட்டுக்குப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அன்னத்தின் கழுத்து மட்டும் மேலே தெரிந்தது. உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் இருமலோடு வந்தது.

"மாமா, ஆர் வீ ஸ்டக்? ஐ கான்ட் சீ எனிதிங், மாமா."

"பொறு பிள்ளை, பாட்டு வரட்டும்."

பாட்டு வர ஏழு நிமிடம் எடுத்தது. அன்றைக்கு வானில் ரஞ்சன் சத்தம் போடவில்லை. அதுதான் பயம். றிச்மண்ட் ஹில்லுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, அடுத்த ஞாயிறு ஒரு பெட்டியோடு வந்தால் வாருங்கள், இரண்டு பெட்டியோடு வருவதென்றால் வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அண்ணை ஓம் என்றார். அந்த ஓமில் ஒரு முடிவும் இல்லை.

எனக்கு விசர் வந்துவிட்டது. மனிதர் தன்னுடைய இடத்தைத் தானே லப்ரொப்புக்குத் தூக்கிக் கொடுக்கிறார். அடுத்த நாள் பஸ் வேலை முடிந்ததும் நேரே டோர்செட் பார்க்கில் அவருடைய அப்பாட்மென்றுக்குப் போனேன். எலிவேற்றர் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. பதினாலாம் மாடி வரைக்கும் என்னென்ன பேசவேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். மனச்சாட்சி இல்லையா என்பது ஐந்தாவது வசனம்.

கதவு திறந்திருந்தது. அண்ணை யாரோ ஒருவருடைய வீட்டுப் பூசைக்கு வெளிக்கிட்டு, முன்னறை ஹோலில் நின்றார். பவளக்கா அவருக்கு முன்னால் நின்று அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. கலியாணம் கட்டி முப்பது வருடமான ஆளுக்கு இது என்ன கூத்து என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருடைய இடக்கையைப் பார்த்தேன். மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. பவளக்கா கைப் பொத்தானைப் பூட்ட அந்தக் கையைப் பிடித்தபோது, விரல்கள் இரண்டும் மடியவில்லை.

இடக்கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் எயர் கண் என்கிற காற்றுத் துப்பாக்கி அடிக்கிற வேலை. முப்பது வருட அதிர்வு முழுவதும் போய் இறங்கியது இடக்கையில். கடந்த மாரிக் குளிரிலிருந்து இப்படித்தானாம். நாலு கம்பியை மிச்ச இரண்டு விரலால் சமாளித்து வந்திருக்கிறார். எங்கள் ஒருவருக்கும் தெரியாது. மாப்பலகை அகலத்தில் ஆறு கம்பியை ஒரு பல்லவிக்கு மேலே அவர் எங்கே பிடிக்கிறது?

எலிவேற்றரில் அடுக்கிய வசனங்கள் எல்லாம் வாயில் அப்படியே நின்றன. அவற்றை வீணாக்க மனமில்லாமல் பவளக்காவிடம் பாய்ந்தேன். எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டார்" என்றார் பவளக்கா. "இப்பவும் நான் ஒண்டும் சொல்லேல்லை. பொத்தான்தான் பூட்டினனான்."

அண்ணை சோபாவில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டேன். எஸ்ரிமேற் புத்தகம், பல் வைத்தியர், ரோல்ஸ், அன்னப்பறவை, இதெல்லாம் பிறகு என்ன என்று கேட்டேன்.

"நாள் போகத்தானே வேணும், பிள்ளை. வெயில் வந்தால் விரல் இளகும் எண்டு பார்த்தன்."

"வெயில் வந்து மூண்டு கிழமை."

"ஓம். பார்த்தனான்."

பாரிற்றோனை எடுங்கோ, கழுத்து ஒடுக்கம்தானே, பெருவிரலையும் மேலாலே போட்டுப் பிடிக்கலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிடிக்கலாம், அது அவருக்கும் தெரியும். முதல் நாளே தெரியும். முடிவெடுக்கத் தெரியாத மனிதர் என்று நான் ஊரெல்லாம் சொன்ன ஆள், இந்த ஒரு தடவை முதல் நாளே முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அதிலை பேஸ் இல்லை, பிள்ளை. ஒரு காரிலை குழாய் எவ்வளவு நீளத்துக்கும் போகட்டும், கீழை ஒரு ஹாங்கர் கொக்கி பிடிச்சுக்கொண்டிருக்கவேணும். இல்லாட்டி றோட்டிலை இழுபடும். பேஸ் இல்லையெண்டால் ரஞ்சன் அதை லப்ரொப்பிலை போடுவான். பேஸ் லப்ரொப்பிலை எண்டால் பிறகு நான் என்னத்துக்கு?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என் பஸ்ஸில் அழுகிற பிள்ளைக்கே சீற் பெல்ற்றைப் போடு என்றுதான் சொல்லுவேன். ஆகவே எழும்பி, மூலையில் இருந்த ஆறு கம்பிப் பெட்டியைத் தூக்கினேன். இதை நான் நாளைக்குக் கடையில் கொடுக்கிறேன், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பாரிற்றோனோடு வாருங்கள், மிச்சத்தை யோசிக்கவேண்டாம், யோசிக்கிறது உங்களுக்குச் சரிவராது என்றேன். அவர் தடுக்கவில்லை. ஒரு பெட்டி குறைந்ததும் ஹோல் பெரிதானது மாதிரி இருந்தது. பவளக்கா எனக்கு ரோல்ஸ் தந்தார். நிலத்தில் விழாத ரோல்ஸ்.

வீட்டுக்கு வந்து கீபோர்டுக்கு முன்னால் இருந்தேன். ஓர்கனில் பழகிய எவருக்கும் இடக்கைக்கு ஒரு வேலை தெரியும். கீழ்க்கட்டைகளில் பேஸ் வாசிக்கிறது. இசைக்குழுவுக்கு வந்த பிறகு அதை நிறுத்தியிருந்தேன், அது அண்ணையின் காணி என்பதால். அந்தக் கிழமை முழுவதும் இடக்கையால் மட்டும் வாசித்தேன். என் மனுசன் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், ஒரே உறுமலாய்க் கிடக்கு, பாட்டு எப்போது வரும் என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

ஞாயிறு அண்ணை ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். நான் என் கீழ்க்கட்டைகளின் சத்தத்தைக் குறைத்து, அவர் வாசிக்கிறதற்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவருடைய பெருவிரல் எங்கே விழுகிறதோ, அங்கேயே என் இடக்கையும் விழுந்தது. முதல் பாட்டு முடிந்ததும் ரஞ்சன் காதைத் தீட்டிக்கொண்டு அண்ணையைப் பார்த்தார்.

"அண்ணை, உந்தச் சாமானிலை இவ்வளவு பேஸ் வருதே."

"நல்ல மரம், தம்பி" என்றார் அண்ணை.

அதோடு நிறுத்தினாரா? இல்லை. மரம் எந்தக் காட்டில் வளர்ந்தது, குளிர் நாட்டு மரத்துக்கு ஏன் ஆழம் கூட, வெள்ளைக்காரத் தச்சர் அதை எப்படித் தட்டிப் பார்த்து வாங்கினார் என்று கால் மணித்தியாலம் விரிவுரை. மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறவள் நான். அதனால் சொந்தக்காரர்களில் பாதிப்பேரை இழந்தவள். அந்தக் கால் மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது, பனிக்காலத்தில் ஏற்றத்தில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

றிச்மண்ட் ஹில் கலியாணம் நன்றாக நடந்தது. பின்னேர விருந்தில் ஐந்தாவது பாட்டுக்கே சனம் எழும்பி ஆடத் தொடங்கியது. அண்ணை நிமிர்ந்து நின்றார். மேலே கோட்ஸ், கீழே முழக்கம், நடுவில் அவர். மாப்பிள்ளையின் தகப்பன் மேடைக்கு வந்து ரஞ்சனிடம், கிற்றார்காரரை எங்கள் வீட்டு மற்றக் கலியாணத்துக்கும் கட்டாயம் கொண்டுவாருங்கள் என்றார். ரஞ்சன் அண்ணையின் தோளில் தட்டினார். அடுத்த மாதம் மூன்று கலியாணம் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் என்றார். லப்ரொப் ட்ரம்ஸோடு நின்றுகொண்டது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நானும் அண்ணையும் வயர் சுற்றினோம். அவர் வலக்கையால் சுற்ற, நான் மறுமுனையைப் பிடித்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பிள்ளை, அந்த மூண்டாவது பாட்டிலை, சரணத்துக்குப் போகேக்கை நீர் கொஞ்சம் முந்திப் போறீர்."

"எதிலை?"

"இடக்கையிலை."

நான் வயரைக் கீழே போட்டேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வீதியில் போகிற காரில் எந்த ஆணி கழன்றது என்று கேட்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வி அது இல்லைத்தான்.

"முதல் நாளே தெரியும். நல்லாத்தான் வாசிக்கிறீர். ஆனால் பேஸ்காரன் அவசரப்படக் கூடாது. உமக்கு எல்லாத்திலையும் அவசரம்."

பிறகு வயரை எடுத்து என் கையில் திரும்பத் தந்துவிட்டு, வடையா பாயாசமா முதலில் எடுப்பது என்று யோசித்தபடி சாப்பாட்டு வரிசைக்குப் போனார்.

இது நடந்து மூன்று வருடம். அண்ணை இன்றைக்கும் எங்களோடு பாரிற்றோன் வாசிக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஒத்திகை முடிய என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அந்தச் சரணத்தை அவசரப்படாமல் இன்னும் ஆறுதலாக எடுக்கும்படி சொல்லி, தன்னுடைய இரண்டு விரலால் என் கீழ்க்கட்டையில் வாசித்துக் காட்டுகிறார். நான் அவரோடு வாய்த்தர்க்கம் பண்ணுகிறேன். அந்தப் பிழையைத் திருத்துவதற்கு எனக்கு ஒரு கிழமை போதும். மூன்று வருடமாகத் திருத்தாமல் வைத்திருக்கிறேன்.